கடமலைக்குண்டுக்கு ஆங்கில இலக்கணம் வந்த வழி

ஆங்கிலம் பேசுவோர் இல்லாத ஊர்களுக்குள் ஆங்கிலம் இலக்கணத்தின் வழியாகத்தான் நுழைந்தது. வருசநாட்டு மலையடிவாரத்தில், மூல வைகைக் கரையோரம் இருக்கும் கடமலைக்குண்டு அத்தகைய ஊர்களில் ஒன்று. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த இந்த ஊரும், பக்கத்து மயிலாடும்பாறையும், மலைக்குள் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களும் சேர்ந்து கடமலை–மயிலை ஒன்றியம் ஆகின்றன. இலவம்பஞ்சு, தென்னை, ஆடு மாடு, காட்டுக் கூலி என்று வாழ்ந்துவந்த இந்தப் பகுதியில் வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் காதில் விழ வழியே இருந்ததில்லை. ஒரு மொழியின் உச்சரிப்பு, வழக்கு, தொனி ஆகியவற்றைப் பேசுவோரிடமிருந்துதான் பெற முடியும். இலக்கணத்தைக் கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் இருந்தால் கற்பித்துவிடலாம். விதியைச் சொல்லி, எடுத்துக்காட்டு எழுதி, மனப்பாடம் செய்யவைத்து, விடை சரியா தவறா என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். மதுரைச் சீமையின் உள்ளூர்களில் ஆங்கிலக் கல்வி இலக்கணத்தை இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

ஆங்கிலம் வருவதற்கு முன்பே இங்கே இலக்கணம் கற்பிக்கும் முறை ஒன்று வேரூன்றியிருந்தது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பது தெரியவந்தது. அவற்றில் தமிழ்ப் பகுதியில் இருந்தவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதிப் பழகுவதும், எண்சுவடியையும் நிகண்டையும் உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றுவதும், தேர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அங்கே நடைமுறை. மேற்கொண்டு தமிழ் படிப்பவர்கள் நன்னூலின் 462 நூற்பாக்களையும் முதலில் மனப்பாடம் செய்துவிட்டுப் பிறகே பொருள் கேட்டார்கள். எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை இல்லப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பதையும் அங்கே கையாண்டு, 1797இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர்பெற்றது. விதியை முதலில் நெட்டுருவாக்கி, விளக்கத்தைப் பின்னால் பெறும் இந்தப் பழக்கம் ஆங்கில இலக்கணம் வந்தபோது அப்படியே அதற்கும் இடம்பெயர்ந்தது. நெட்டுருப் போடுவதை ஆங்கிலேயர் கொண்டுவந்த கேடு என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. இரண்டு நாட்டு மனப்பாட மரபுகள் இந்த வகுப்பறையில் சந்தித்துக்கொண்டன.

சென்னை மாகாணத்தின் முதல் ஆங்கிலப் பள்ளிகளில் ஒன்று 1715இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கிய புனித மேரி அறப் பள்ளி. அது ஏழை ஐரோப்பியக் குழந்தைகளையும் கலப்பினக் குழந்தைகளையும் மனத்தில் கொண்டு நடந்தது. உள்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சி 1780களில்தான் உருவானது. தஞ்சையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த ஜான் சல்லிவனும் பாதிரியார் சுவார்ட்சும் சேர்ந்து தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் அத்தகைய பள்ளிகளைத் திறந்தார்கள். மதுரைப் பக்கத்துக்கு ஆங்கிலப் பாடம் முதன்முதலில் நெருங்கிவந்தது அந்த ராமநாதபுரம், சிவகங்கைப் பள்ளிகளின் வழியாகத்தான். துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் நம்பாமல் கம்பெனியும் பாளையங்களும் நேரே கடிதம் எழுதிக்கொள்ள ஆட்கள் வேண்டும் என்பது அப்போதைய தேவை.

அன்று இந்தப் பகுதியும் அடங்கியிருந்த மதுரை மாவட்டத்துக்குள் ஆங்கிலக் கல்வியைக் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் அல்லர், அமெரிக்கர்கள். அதுவும் யாழ்ப்பாணம் வழியாக. அமெரிக்க இலங்கை மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, தமிழ் மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணத்தோடு கணிதமும் வானியலும் கற்பித்த உயர்நிலைக் கல்விக்கூடம். அதே மிஷனின் ஆட்கள் 1834இல் மதுரைக்கு வந்து அமெரிக்க மதுரை மிஷனை நிறுவினார்கள். வட்டுக்கோட்டையில் முதல்வராக இருந்த டேனியல் பூவரும் சில ஆண்டுகள் மதுரையில் தங்கி ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தார். திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. பெரியகுளமும் மிஷனின் ஒரு நிலையம் ஆனது. கம்பம் பள்ளத்தாக்குக்கும் வைகை மேல்பகுதிக்கும் மிஷன் ஆசிரியர்கள் அங்கிருந்தே சென்றுவந்தார்கள்.

1855 வாக்கில் ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது. பாஸ்டனில் இருந்த, மிஷனின் தலைமைச் சபையின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரில் வந்து, தாய்மொழியில் மட்டுமே கற்பிக்க வேண்டும், ஆங்கிலம் படித்தவர்கள் சர்க்கார் வேலைக்குப் போய்விடுகிறார்கள், சபைக்குப் பயன்படுவதில்லை என்ற முடிவுக்கு வந்தார். வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. மதுரை மிஷனிலும் ஆங்கிலம் பின்னுக்குப் போனது. தாய்மொழியே கல்விக்கு அடித்தளம் என்ற கருத்து இன்றைய மொழியியலும் ஒப்புக்கொள்வது. ஆனால் ஆண்டர்சன் அதைச் சொன்ன காரணம் வேறு. மக்களின் விருப்பமும் வேறாக இருந்தது. ஆங்கிலம் கேட்டு வந்தவர்கள் வேறு பள்ளிகளை நாடினார்கள். கடைசியில் மிஷனே மனம் மாறியது. பசுமலையில் 1881இல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அதுவே 1904இல் மதுரைக்கு வந்து அமெரிக்கன் கல்லூரி ஆனது. மதுரைக் கல்லூரி 1889இல் உருவாகியிருந்தது. பெரியகுளத்திலிருந்தும் போடியிலிருந்தும் மேல்படிப்புக்குப் போனவர்கள் இந்த இரண்டு வாசல்களில் ஒன்றைத் தட்டினார்கள்.

சர்க்காரின் பக்கத்தில் நிகழ்ந்தவை பரவலாக அறியப்பட்டவை. 1835இல் மெக்காலேயின் குறிப்பும் பென்டிங்கின் ஆணையும் வந்தன. சென்னையில் ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று 1839இல் ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்ட மனு ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் தரப்பட்டது. 1841இல் உயர்நிலைப் பள்ளியும், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகமும் வந்தன. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பல்கலைக்கழகத்தோடு கூடவே மெட்ரிகுலேஷன் தேர்வும் வந்தது. இலக்கணத்தின் தலையெழுத்தை மாற்றியது இந்தத் தேர்வுதான். மாகாணமெங்கும் சிதறியிருந்த பள்ளிகளின் மாணவர்களை ஒரே வினாத்தாளால் அளக்க வேண்டுமானால், திருத்துவோர் யாராக இருந்தாலும் ஒரே மதிப்பெண் விழுகிற வினாக்கள் தேவை. கட்டுரைக்கு ஆளுக்கொரு மதிப்பெண் போடலாம். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் கேள்விக்கு விடை ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் கற்பிக்கப்பட்ட இலக்கணம் எது? அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய லிண்ட்லி மரே என்ற வழக்கறிஞர், யார்க் நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்காக 1795இல் எழுதிய ஆங்கில இலக்கணம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் பரவிய நாடுகளை ஆண்டது. லத்தீன் இலக்கணத்தின் சட்டகத்துக்குள் ஆங்கிலத்தை வைத்துப் பார்த்த நூல் அது. அதன் முக்கியப் பயிற்சி ‘பார்சிங்’. ஒரு வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அது என்ன வகைச் சொல், என்ன பால், என்ன எண், என்ன இடம், என்ன வேற்றுமை என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். நன்னூல் படித்த பிள்ளைக்கு இது அந்நியமாகத் தோன்றியிருக்காது. பகுபத உறுப்பிலக்கணம் சொல்லிப் பழகியவர்களுக்குச் சொல்லைப் பிரித்துப் பெயர் சூட்டுவது கைவந்த வேலை. 1852இல் பள்ளி ஆய்வாளர் ஜே. டி. மோரெல் வாக்கியப் பகுப்பாய்வு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிறகு தனிச் சொல்லிலிருந்து கவனம் வாக்கியத்துக்கு மாறியது. எழுவாய், எழுவாயின் அடை, பயனிலை, பயனிலையின் விரிவு என்று கட்டம் போட்டு நிரப்பும் ‘அனாலிசிஸ்’ வகுப்பறைக்கு வந்தது.

இந்த இரண்டையும் இந்திய மாணவனுக்கு ஏற்ற வடிவில் கோத்தவர் ஜே. சி. நெஸ்ஃபீல்டு. வடமேற்கு மாகாணங்கள், அவத் பகுதியின் கல்வித் துறை இயக்குநராக இருந்தவர் அவர். 1890களில் மாக்மில்லன் வெளியிட்ட அவருடைய இலக்கண வரிசை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவன் எங்கே தடுக்கி விழுவான் என்பதை அறிந்து எழுதப்பட்டது. வாக்கியங்களை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றுவது, சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிதாக்குவது, பெரியதைப் பிரிப்பது ஆகிய பயிற்சிகளை அவர் முன்னுக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தாத்தாக்களின் தலைமுறைக்கு இலக்கணம் என்றால் நெஸ்ஃபீல்டு. அடுத்த தலைமுறைக்கு அது ரென் அண்ட் மார்ட்டின் ஆனது. பி. சி. ரென்னும் எச். மார்ட்டினும் 1930களின் நடுவில் எழுதிய உயர்நிலைப் பள்ளி இலக்கணம் முதலில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. பிறகு என். டி. வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்புகளாக எஸ். சந்த் நிறுவனத்தின் வழியே நாடெங்கும் பரவியது. ‘போ ஜெஸ்ட்’ நாவலை எழுதிய அதே ரென்தான் இவர். பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியபோது, 1911இல், இந்தியப் பள்ளிகளில் ஆங்கிலத்தை நேரடி முறையில், பேச்சு வழியாகக் கற்பிப்பதைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். பேச்சு முறைக்காக வாதாடிய அந்த நூல் மறைந்துபோக, விதி முறைக்கு அடையாளமான நூல் நிலைத்துவிட்டது. ஆசிரியர்களுக்கு எது கைகொடுத்தது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கில வாக்கிய அமைப்பு எங்கே கடினம், எங்கே எளிது என்பதை இந்த நூல்கள் எதுவும் தமிழை வைத்துப் பார்க்கவில்லை. அந்த வேலையை உள்ளூர் ஆசிரியர்தான் செய்தார். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் அது எழுவாயை அடுத்து வந்துவிட வேண்டும். ‘அவர் தலையாரி’ என்பது தமிழில் முழு வாக்கியம். ஆங்கிலத்தில் நடுவே ‘இஸ்’ இல்லாமல் நிற்காது. ‘ஆத்தங்கரையில ஆடு மேய்க்கிற பையன்’ என்னும்போது பையனைப் பற்றிய எல்லாச் செய்தியும் பையனுக்கு முன்னால் வந்துவிடுகிறது; ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்து, ‘ஹூ’ என்ற கொக்கி போட்டு, மற்றவை பின்னால் தொடர வேண்டும். வேற்றுமை உருபு தமிழில் பெயருக்குப் பின் ஒட்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல் பெயருக்கு முன் வரும். ஆக, வாக்கியத்தைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டு வா என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி இரண்டு மொழிகளின் அமைப்பை உற்றுப் பார்த்ததில் கிடைத்தது. எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அதைப் பாடமாக வைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தேர்வில் பெரிய இடம் பிடித்த இரண்டு பகுதிகள் தமிழ்ப் பேச்சுக்கு மிகத் தொலைவில் இருப்பவை. முதலாவது செயப்பாட்டுவினை. ‘நாற்று நடப்பட்டது’ என்று வயலில் யாரும் சொல்வதில்லை. ‘நாத்து நட்டாச்சு’ என்பார்கள். செய்தவர் யார் என்று சொல்லாமல் செயலை மட்டும் சொல்லத் தமிழ்ப் பேச்சுக்கு வேறு வழிகள் உண்டு. ‘படு’ சேர்த்த வடிவம் பெரும்பாலும் எழுத்துக்கு உரியது. அதனால் ‘வாய்ஸ்’ கணக்கு மாணவனுக்கு ஒரு தேவையும் புலப்படாத இடமாற்ற விளையாட்டாகவே இருந்தது. இரண்டாவது அயற்கூற்று. ‘நான் நாளைக்கு வர்றேன்னு முருகன் சொன்னான்’ என்னும்போது முருகன் சொன்ன சொற்களே ‘என்று’ என்பதற்கு முன்னால் அப்படியே நிற்கின்றன. ஆங்கிலத்தில் ‘நான்’ என்பது ‘அவன்’ ஆகி, வருங்காலம் ஒரு படி பின்னுக்குப் போய், ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆக வேண்டும். மூன்று மாற்றங்களையும் தவறாமல் செய்ய வேண்டுமானால் விதிப் பட்டியலைத் தவிர வேறு துணை இல்லை. தனி, கலவை, தொடர் வாக்கிய மாற்றங்களும் இப்படித்தான். ‘மழை பெய்ஞ்சு ஆத்துல தண்ணி வந்துச்சு’ என்ற வாக்கியத்தை எச்சம் ஒன்றே கோத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதே செய்திக்கு மூன்று வகை அமைப்பு. மூன்றுக்கும் தனித்தனி இணைப்புச் சொல்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேலைகள் கூடின. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து பாசனம் விரிந்தது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியரும் குமாஸ்தாவும் தேவைப்பட்டார்கள். போடிமெட்டுக்கு அப்பால் ஏலக்காய், தேயிலைத் தோட்டங்களில் ரைட்டர் வேலைக்குப் பேரேடும் கடிதமும் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தால் போதும். 1911இல் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. முதல் பாரத்திலிருந்து ஆறாம் பாரம் வரை படித்து அதை எழுத வேண்டும். பெரியகுளம், போடி, உத்தமபாளையம் போன்ற ஊர்களில் ஜமீன்களும் வணிகர்களும் ஜில்லா போர்டும் உயர்நிலைப் பள்ளிகளை வளர்த்தார்கள். ‘போர்டு ஸ்கூல்’ என்ற பெயர் பழையவர்களின் வாயில் இன்றும் நிற்கிறது. கண்டமனூர் ஜமீனுக்கு உட்பட்டுக் காடாகக் கிடந்த வருசநாட்டுப் பக்கத்துக்கு இந்த வசதி எதுவும் எட்டவில்லை.

இதே காலத்தில் இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு பள்ளி வகை உருவானது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிச் சட்டம் பிறமலைக் கள்ளர்கள் மீது ஏவப்பட்டது. கைரேகை பதிய மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த ஆண்டில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் பகுதியாகப் பள்ளிகளும் விடுதிகளும் திறக்கப்பட்டன. அடக்குமுறையோடு சேர்ந்து வந்த பள்ளிதான் என்றாலும், வாசல் திறந்ததும் மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கிய பிறகும் பள்ளிகள் நீடித்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அரசு கள்ளர் பள்ளிகள் இன்றும் தனி நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன. வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளைகள் முதல் தலைமுறையாக ‘டென்ஸ்’ படித்த இடங்கள் இவை.

1930களின் இறுதி வரை உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளில் வரலாறும் கணக்கும்கூடப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. பிறகு பயிற்றுமொழி தாய்மொழி ஆனது. அது நியாயமான மாற்றம். மற்றப் பாடங்கள் அதன் பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரியத் தொடங்கின. ஆனால் ஆங்கில இலக்கணத்தின் நிலை இதனால் மாறியது என்பதைக் கல்வி வரலாற்றாசிரியர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. முன்பு இலக்கணத்தில் படித்த வாக்கிய அமைப்பை மாணவன் அதே நாளில் வரலாற்றுப் புத்தகத்திலும் சந்தித்தான். இப்போது ஆங்கிலம் ஒரு பீரியட் ஆகச் சுருங்கியது. விதி மட்டும் தங்கியது. விதி உயிரோடு நடமாடும் பக்கங்கள் போய்விட்டன.

காமராசர் முதலமைச்சராக இருந்த 1954–63 காலத்தில் சிற்றூர்களுக்குப் பள்ளிகள் வந்தன. மதிய உணவும் வந்தது. மாணவர் எண்ணிக்கை பெருகியபோது ஆங்கிலம் கற்பிக்கத் தகுந்தவர்கள் எங்கே என்ற கேள்வி எழுந்தது. 1950களின் இறுதியில் சென்னை மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து பெரிய பயிற்சி இயக்கம் ஒன்றைத் தொடங்கின. முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டங்களுக்குப் போய் அடுத்த அடுக்குக்குப் பயிற்சி. அவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு. உருண்டு உருண்டு பெருகும் இந்த ஏற்பாடு ஆங்கிலக் கல்வி ஆய்வாளர்களிடையே ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பேர்பெற்றது. கற்பிக்கப்பட்டது ‘ஸ்ட்ரக்சுரல்’ முறை. இலக்கணப் பெயர்களைச் சொல்லக் கூடாது. எளிய வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக வரிசைப்படுத்தி, பொருளைக் காட்டி, வாயால் சொல்லவைத்துப் பழக்க வேண்டும். ‘திஸ் இஸ் எ புக்’ என்று தொடங்கும் பாடமும், கட்டத்திலிருந்து சொற்களை எடுத்து நூறு வாக்கியம் ஆக்கும் ‘சப்ஸ்டிட்யூஷன் டேபிள்’ என்ற அட்டவணையும் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றாக நினைவிருக்கும்.

பனிப்பந்து கீழே வரவர மெலிந்தது. சில நாள் பயிற்சியில் ஆசிரியரின் சொந்த ஆங்கிலம் வளர்ந்துவிடாது. தடையின்றிப் பேசும் ஆசிரியர் இல்லாமல் பேச்சு முறை நிற்காது. கிராமத்து உயர்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆங்கிலத்துக்கென்று தனி ஆசிரியர் இல்லை. வரலாறோ அறிவியலோ படித்த பி.டி. வாத்தியாரே ஆங்கிலமும் எடுத்தார். அவர் தமக்குத் தெரிந்த நெஸ்ஃபீல்டு வழிக்குத் திரும்பினார். ஸ்ட்ரக்சுரல் முறை விட்டுச்சென்ற வாக்கிய மாதிரிகளும் விரைவில் விதிகளாக உறைந்தன. எஸ், வி, ஓ, சி, ஏ என்று எழுத்துகளால் வாக்கியத்தின் உறுப்புகளைக் குறிக்கும் வழக்கம் ஆங்கில மொழியியல் நூல்களிலிருந்து பாடப்புத்தகத்துக்குள் வந்தது. ‘சென்டன்ஸ் பேட்டர்ன் கண்டுபிடி’ என்ற கேள்வி தமிழ்நாட்டுத் தேர்வின் நிலையான உறுப்பு ஆனது. வாயால் பழக வேண்டியதாகத் தொடங்கியது, பென்சிலால் குறிக்க வேண்டியதாக முடிந்தது.

1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்றான பிறகு ஆங்கிலத்தின் மீது விழுந்த எதிர்பார்ப்பு பல மடங்கு ஆனது. எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றவர்களில் பலர் ‘இங்கிலீஷ்ல போயிருச்சு’ என்றே சொன்னார்கள். தேனியிலும் பெரியகுளத்திலும் டுடோரியல்கள் அவர்களை நம்பி நடந்தன. அங்கே கற்பித்தது முழுக்க இலக்கணம். கட்டுரையும் நான்–டீடெயில் கதையும் கைடிலிருந்து மனப்பாடம் ஆகும். இலக்கண வினாக்கள்தான் மனப்பாடத்தை நம்பாமல் சிந்தித்து விடையளிக்கக் கூடியவை. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச வராத மாணவன் ‘டிகிரி’ மாற்றத்திலும் ‘இஃப் கிளாஸ்’ நிரப்புவதிலும் முழு மதிப்பெண் எடுப்பது சாதாரணம். இதைக் குறையாக மட்டும் பார்ப்பவர்கள் நகரத்திலிருந்து பார்க்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கும் மலையடிவாரத்துப் பிள்ளைக்கும் உச்சரிப்பில், சொல்வளத்தில், கட்டுரையில் உள்ள இடைவெளி பெரிது. இலக்கண வினாவில் மட்டும் அந்த இடைவெளி குறைந்தது. உழைத்தால் பலன் உறுதி என்று ஏழைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆங்கிலப் பகுதி அதுவாக இருந்தது.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்து, பழைய பி.யூ.சி. மறைந்தது. அடுத்த ஆண்டிலேயே தென்னிந்தியாவில் இலக்கணப் பாடத்தையே கேள்விக்கு உட்படுத்தும் சோதனை ஒன்று தொடங்கியது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சில பள்ளிகளில் இலக்கணத்தை வரிசைப்படுத்திக் கற்பிப்பதை நிறுத்திவிட்டு, மாணவர்களுக்குச் சிக்கல்களைத் தந்தார். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி சொல்வது போன்றவை. மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போது வாக்கிய அமைப்பு தானாகப் படியும் என்பது அவர் கருத்து. 1987இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் மொழி ஆசிரியர்களின் வாசிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. கடலூரிலும் நடந்த ஒரு சோதனை உலகம் சுற்றியது; அதன் முழு வீச்சும் தமிழ்நாட்டு உள்ளூர்ப் பள்ளிகளை எட்டவே இல்லை. பிற்காலப் பாடநூல்களில் உரையாடல், விளம்பரம், வழிகாட்டும் படம், தகவல் அட்டவணை ஆகிய பயிற்சிகள் வந்ததில் அந்தச் சிந்தனையின் சாயல் தெரிகிறது.

சமச்சீர் கல்வி 2010இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கும், 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பத்தாம் வகுப்பு வரையிலான மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. அந்த வகுப்புகளில் மெட்ரிகுலேஷன் பள்ளிப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் முதன்முதலாக ஒரே ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. அந்தப் பிரிவுகளில் அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில் அச்சாகி இருப்பதால், 1930களில் அறுந்த தொடர்பு ஏட்டளவில் மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் விளக்கம் தமிழிலேயே நடக்கிறது. பிள்ளைகள் விடையை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். 2018–19இல் தொடங்கிய புதிய பாடத்திட்டம் இலக்கணத்தைப் பாடத்தின் சூழலோடு இணைத்துத் தர முயன்றது. 2019–20 முதல் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் இரண்டு தாள்கள் ஒன்றாயின. இலக்கணத்துக்கும் கடிதம், விளம்பரம், பிழைதிருத்தம் போன்றவற்றுக்கும் ஒரே தாளில் இடம் பங்கிடப்பட்டது. வாய்ஸ், அயற்கூற்று, வாக்கிய மாற்றம் மூன்றும் இந்த மாற்றத்திலும் தங்கிவிட்டன.

கடமலைக்குண்டு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மலைக்குள் இருக்கும் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மேல்நிலைப் படிப்பு முடித்தவர்கள் தேனி, ஆண்டிபட்டி, பெரியகுளம், உத்தமபாளையம் பக்கத்துக் கல்லூரிகளில் சேர்கிறார்கள். அங்கே முதல் ஆண்டுப் பொது ஆங்கிலத் தாளில் அதே வாக்கிய மாற்றங்கள் மறுபடி காத்திருக்கின்றன. 2022இல் அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பேச்சு ஆங்கிலப் பயிற்சியையும் தன் பகுதியாகச் சேர்த்துக்கொண்டது. கைபேசியில் தமிழ் விளக்கத்தோடு வரும் ஆங்கிலப் பாடங்களையும் மாணவர்கள் பார்க்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ‘டென்ஸ்’ பன்னிரண்டையும் அட்டவணையாக எழுதிக் காட்டியே தொடங்குகின்றன.